செர்பியாவில் பத்து நாள்: சைவ அம்மாவுக்கு அந்த ஊர்ச் சாப்பாட்டில் என்ன உண்டு?

பேரூர்க்காரி:

அக்டோபர் முதல் வாரம் நான், வீட்டுக்காரர், அம்மா மூன்று பேரும் செர்பியா போகிறோம். பெல்கிரேடில் 4 நாள், நிஷ் நகரத்தில் 3 நாள், ஸ்லாட்டிபோர் மலையில் 3 நாள். விசா வந்துவிட்டது, தங்கும் இடமும் முடிவாகிவிட்டது. பாக்கி இருப்பது சாப்பாட்டுக் கவலைதான்.

அம்மாவுக்கு 71 வயது. பால், தயிர், நெய், வெங்காயம், பூண்டு எல்லாம் உண்டு. இறைச்சி, மீன், முட்டை மூன்றும் கிடையாது. வீட்டுக்காரர் மாட்டிறைச்சி தவிர எல்லாம் சாப்பிடுவார். நான் முட்டை வரைக்கும். இணையத்தில் தேடினால் கரியடுப்பில் சுட்ட இறைச்சிப் படம்தான் வரிசையாக வருகிறது. அதைப் பார்த்துவிட்டு அம்மா, "நான் அவலும் பருப்புப் பொடியும் கட்டிக்கொண்டு வருகிறேன், நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடுங்கள்" என்கிறார். நாங்கள் வெளியே சாப்பிட, அவர் அறையில் அவல் ஊறவைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு மனசு வராது.

அந்த ஊர்க்காரர்கள் வீட்டில் சமைப்பதில் அம்மாவுக்கு ஏதாவது உண்டா? பீட்சா, பாஸ்தா சொல்ல வேண்டாம். அது எங்கேயும் கிடைக்கும்.

மலைக்கோட்டை வாசி:

பெல்கிரேடில் ஐந்து நாள் இருந்திருக்கிறேன். காலையில் ஏதாவது ஒரு பெகாராவுக்கு (பேக்கரிதான்) போய் சீஸ் வைத்த புரெக் வாங்குங்கள். மெல்லிய மாவை அடுக்கடுக்காக வைத்துச் சுட்டது. கூடவே கெட்டி மோர் மாதிரி ஒரு தயிர் கொடுப்பார்கள், குடித்தால் மதியம் வரை பசிக்காது. மற்ற வேளைக்குச் சைவம் என்றால் சாலட், உருளைக்கிழங்கு வறுவல், அவ்வளவுதான். அம்மா அவல் கொண்டுபோவதே நல்லது.

லெஸ்கோவாட்ஸ் திருப்பூரான்:

புரெக் சரி. ஆனால் சாலட்டும் வறுவலும்தான் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்படி நினைத்துக்கொண்டு வந்து, இங்கே உள்ள நல்லதையெல்லாம் பார்க்காமலே திரும்பிய நம் ஆட்கள் சிலரை எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் ஆறு வருஷமாக லெஸ்கோவாட்ஸில் இருக்கிறேன். நிஷ்ஷுக்குத் தெற்கே 45 கிலோமீட்டர். சொந்த ஊர் திருப்பூர், இங்கே பின்னல் இயந்திரப் பராமரிப்பு வேலை. இதுவும் துணியால் வளர்ந்த ஊர். ஒரு காலத்தில் 'செர்பிய மான்செஸ்டர்' என்றே பேர். கோவைப் பக்கத்து ஆளான உங்களுக்கு அந்தப் பட்டம் புதிதாக இருக்காது.

அம்மாவுக்கு முதலில் ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுங்கள் சகோதரி: 'போஸ்னோ'. நோன்புச் சாப்பாடு என்று அர்த்தம். செர்பியர்களில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். அவர்கள் நோன்பில் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் தொடக்கூடாது. ஈஸ்டருக்கு முன்னால் ஏழு வாரம், கிறிஸ்துமஸுக்கு முன்னால் நாற்பது நாள், அதற்கு மேல் புதனும் வெள்ளியும். எல்லோரும் முழுசாகக் கடைப்பிடிப்பதில்லை. ஆனாலும் இத்தனை நூற்றாண்டு நோன்பு இருந்த அடுக்களைக்குக் காய்கறி சமைக்கத் தெரியாமல் இருக்குமா? பெகாராக்களில் போஸ்னோ என்று தனியாக எழுதியே வைத்திருப்பார்கள். 'வெஜிடேரியன்' என்று சொன்னால் யோசிக்கிற பரிசாரகர், போஸ்னோ என்றதும் சட்டென்று புரிந்துகொள்வார்.

ஒரு எச்சரிக்கை. நோன்பு நாட்கள் பலவற்றில் மீனுக்கு அனுமதி உண்டு. அதனால் 'பெஸ் ரிபே' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், மீன் இல்லாமல் என்று பொருள். 'பெஸ் மேசா' என்றால் இறைச்சி இல்லாமல், 'பெஸ் யாயா' என்றால் முட்டை இல்லாமல். இந்த மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அம்மா கைப்பையில் வைத்துவிடுங்கள்.

சரி, எதைக் கேட்பது? நான் முதலில் சொல்வது ப்ரெப்ரானாட்ஸ். வெள்ளை பீன்ஸை ஊறவைத்து, ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைப்பார்கள். இன்னொரு அடுப்பில் வெங்காயம் எண்ணெயில் மெதுவாக வதங்கும். பீன்ஸ் ஒரு கிலோ என்றால் வெங்காயமும் கிட்டத்தட்ட ஒரு கிலோ. அது கரைந்து இனிப்பேறியதும் சிவப்பு மிளகாய்ப் பொடி, பிரியாணி இலை. அப்புறம் மண்சட்டியில் பீன்ஸ் ஒரு அடுக்கு, வெங்காயம் ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு, மேலே பொருக்குத் தட்டும்வரை ஓவனில் சுடுவார்கள். எண்ணெய் ஓரத்தில் சிவப்பாகப் பிரிந்து நிற்கும். ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட வேண்டும். மறுநாள் ஆறிப்போய் இன்னும் நன்றாக இருக்கும்.

இதையும் பாசுலையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பாசுல் என்றால் பீன்ஸ்தான், ஆனால் அந்தப் பேரில் வருகிற சாறில் பெரும்பாலும் புகையில் வாட்டிய பன்றி இறைச்சி கிடக்கும். என் கூட வந்த ஒரு சைவ நண்பர் வெறும் பீன்ஸ்தானே என்று நினைத்து வாங்கி, பாதித் தட்டு முடிந்த பிறகு எலும்பைப் பார்த்தார். அன்றைக்கு முழுக்க அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. எனக்கு அது இன்னும் மனசில் இருக்கிறது, அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ப்ரெப்ரானாட்ஸ், போஸ்னோ, பெஸ் மேசா.

அடுத்தது அய்வர். நீங்கள் வருகிற நேரம் இதற்கு வாய்த்த நேரம். பேர், மீன் முட்டையைக் குறிக்கிற துருக்கிச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அம்மா பயப்பட வேண்டாம், உள்ளே ஒரு உயிரும் இல்லை. 'ரோகா' என்று கொம்பு மாதிரி நீண்டு தட்டையான சிவப்பு மிளகாய் இங்கே விளைகிறது. நம் குடைமிளகாய்ச் சாதி, காரம் கிடையாது, சதை கனமாக இருக்கும். செப்டம்பர் கடைசியில் சந்தைக்கு மூட்டை மூட்டையாக வரும். அந்த இரண்டு மூன்று வாரம் எங்கள் தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மிளகாய் சுடுகிற வாசனைதான்.

நான் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரப் பாட்டி கீழ்த்தளத்தில் இருக்கிறார். எல்லோரையும் போல நானும் 'பாபா' என்றுதான் கூப்பிடுவேன், செர்பிய மொழியில் பாபா என்றால் பாட்டி. முதல் வருஷம் சும்மா வேடிக்கை பார்க்கப் போனேன், கையில் கத்தியைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டார். முற்றத்து விறகு அடுப்பில் மிளகாயைத் தோல் கறுக்கும்வரை புரட்டிப் புரட்டிச் சுட வேண்டும். சுட்டதை ஒரு பாத்திரத்தில் போட்டு மூடினால் அதன் ஆவியிலேயே தோல் நெகிழும். பிறகு ஒவ்வொன்றாக உரித்து, விதை எடுத்து, ராத்திரி முழுக்கத் தண்ணீர் வடியவிடுவது. தோலை உரிக்கும்போது குழாயில் கழுவினால் பாபாவுக்குக் கோபம் வரும். சுவை எல்லாம் சாக்கடைக்குப் போகிறது என்பார். மறுநாள் அரைத்து, சூரியகாந்தி எண்ணெய் ஊற்றி, பெரிய அண்டாவில் மூன்று நான்கு மணி நேரம் கிண்டுவோம். அல்வா கிண்டினவர்களுக்குப் பதம் தெரியும்: மரத்துடுப்பை இழுத்தால் அடி தெரிய வேண்டும், இழுத்த கோடு சட்டென்று மூடக்கூடாது. கடைசியில் உப்பு, துளி வினிகர். சூடாகவே கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, கம்பளி போர்த்தி வைப்பார். சிலர் கத்தரிக்காயும் சேர்ப்பதுண்டு. பாபாவிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன், அது அய்வரே இல்லை என்றார்.

30 கிலோ மிளகாய் சுட்டால் கையில் வருவது 10 கிலோவுக்கும் குறைவு. அதனால் கடையில் மலிவாகக் கிடைக்கிற புட்டியை வைத்து அய்வரைத் தீர்மானிக்காதீர்கள். சந்தையில் பாட்டிமார்கள் விற்கிற 'டொமாச்சி' அய்வர் வாங்குங்கள், வீட்டில் செய்தது என்று பொருள். லெஸ்கோவாட்ஸ் அய்வருக்குப் புவிசார் பாதுகாப்பே உண்டு. நிஷ்ஷில் இருக்கிற மூன்று நாளில் ஒரு நாள் இந்தப் பக்கம் வர முடிந்தால், பக்கத்தில் டோன்யா லோகோஷ்னிட்சா என்று ஒரு கிராமம் இருக்கிறது. ஊரே மிளகாய் போடுகிற ஊர். இலையுதிர் காலத்தில் வீட்டுச் சுவர் தெரியாத அளவுக்கு மிளகாய்ச் சரங்களைத் தொங்கவிட்டுக் காயவைத்திருப்பார்கள். அம்மா கட்டாயம் ரசிப்பார்.

மூன்றாவது கைமாக். பாலைக் காய்ச்சி, அகலப் பாத்திரத்தில் ஆறவிட்டு, ஆடையை எடுத்து, உப்புத் தூவி அடுக்கடுக்காகச் சேர்த்து வைப்பது. சீஸ் என்றால் அதை எதைப் போட்டு உறையவைத்தார்கள் என்று அம்மாவுக்குச் சந்தேகம் வரலாம். இதில் உறைபொருளே கிடையாது, வெறும் பாலாடை. புதுசுக்கு 'ம்லாதி' என்று பேர், வெண்ணெய் மாதிரி இளசாக இருக்கும். பழசு 'ஸ்டாரி', மஞ்சளாகி உப்பும் புளிப்பும் ஏறியிருக்கும். பெல்கிரேடில் கலெனிச் சந்தைக்குப் போனால் விற்கிற அம்மாக்கள் கத்தி நுனியில் எடுத்து ருசி பார்க்கக் கொடுப்பார்கள். வெட்கப்படாமல் நாலு கடை பார்த்துவிட்டு வாங்கலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

வீட்டுக்காரருக்கு: செவாப்பி (விரல் நீளத்துக்கு உருட்டிச் சுட்டது), ப்ளெஸ்கவிட்சா (தட்டையாகத் தட்டிச் சுட்டது) இரண்டும் இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் மாட்டிறைச்சி அல்லது கலப்பு. அதைத் தவிர்க்க வேண்டும் என்றால் 'ராஷ்னிச்சி' கேட்கட்டும், பன்றி அல்லது கோழித் துண்டுகளைக் குச்சியில் கோத்துச் சுட்டது. 'யூனெட்டினா' மாடு, 'ஸ்வின்யெட்டினா' பன்றி, 'பிலெட்டினா' கோழி, 'யாக்ன்யெட்டினா' ஆட்டுக்குட்டி. கராஜோர்ஜே ஷ்னிட்சல் என்று ஒன்று எல்லா இடத்திலும் இருக்கும். இறைச்சியைத் தட்டி, உள்ளே கைமாக் வைத்துச் சுருட்டி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தது. 1804-ல் ஒட்டோமான்களுக்கு எதிராகக் கிளர்ச்சி நடத்திய கராஜோர்ஜேயின் பேர். ஆனால் பதார்த்தம் 1950-களில் பெல்கிரேடுச் சமையல்காரர் மிச்சா ஸ்டோயானோவிச் உண்டாக்கியது. கன்று இறைச்சியிலும் செய்வார்கள், கேட்டு வாங்கட்டும்.

கீழக்கரை கப்பல்காரன்:

திருப்பூர் அண்ணன் அருமையாக எழுதியிருக்கிறார். ஹலால் தேடுகிற நம் ஆட்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். தென்மேற்கில் நோவி பசார் என்று ஒரு ஊர், முஸ்லிம்கள் பெரும்பான்மை. அங்கே செவாப்பி மாட்டிறைச்சியில்தான், பன்றிக் கலப்பு பற்றிய கவலை இல்லை. 'மாந்தியே' என்று சின்னச் சின்னச் சதுரமாக, உள்ளே கொத்துக்கறி வைத்துத் தட்டு நிறைய நெருக்கமாக அடுக்கிச் சுட்டதை வெட்டிக் கொடுப்பார்கள். மேலே தயிர் ஊற்றிச் சாப்பிட வேண்டும். குடும்பத்தோடு போனோம், பிள்ளைகள் மூன்று வேளையும் அதையே கேட்டார்கள்.

பேரூர்க்காரி:

அண்ணா, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முழுசையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மிளகாய் சுடுகிற இடத்தில், "கழுவினால் ருசி போய்விடும் என்று அந்தப் பாட்டி சொன்னது சரிதான்" என்றார். பயம் பாதி போய்விட்டது. பாக்கிப் பாதிக்கு மூன்று கேள்வி: மாவுப் பண்டங்களில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்களா? ஸ்லாட்டிபோரில் அம்மாவுக்கு என்ன கிடைக்கும்? கிபானிட்சா என்று ஒன்று படித்தேன், அது சைவமா?

லெஸ்கோவாட்ஸ் திருப்பூரான்:

கொழுப்புக் கேள்வி நியாயமானது. பன்றிக் கொழுப்புக்கு 'மாஸ்ட்' என்று பேர். பழைய கால முறையில் மாவுப் பண்டத்தில் அது உண்டு, இப்போதும் சில இடத்தில் உண்டு. புரெக் வாங்கும்போதும் கேட்டுக்கொள்ளுங்கள். போஸ்னோ என்று எழுதியிருந்தால் பன்றிக் கொழுப்பு இருக்காது, எண்ணெய்தான். கிபானிட்சாவில் முட்டையும் சீஸும் கலந்திருக்கும். அது உங்களுக்கு, அம்மாவுக்கு இல்லை. ப்ரோயா என்கிற மக்காச்சோள ரொட்டியிலும் பல வீடுகளில் முட்டை உடைத்து ஊற்றுவார்கள்.

ஸ்லாட்டிபோரில் அம்மாவுக்குக் கச்சாமாக். உப்புத் தண்ணீர் கொதிக்கும்போது மக்காச்சோள மாவைப் போட்டு, கட்டி தட்டாமல் கிண்டி இறக்குகிற களி, வேறொன்றும் இல்லை. சுடச்சுட அதன் மேல் கைமாக்கை வைத்தால் உருகி வழியும். பக்கத்தில் ஒரு கிண்ணம் புளித்த பால். களி சாப்பிட்டு வளர்ந்த கொங்கு நாட்டு வயிறு இதை அந்நியமாக நினைக்காது. வீட்டுக்காரருக்கு அங்கே, பக்கத்து உஷிட்சே ஊரின் கொம்ப்லெட் லெபினியா. ரொட்டியின் தலையைச் சீவி, உள்ளே கைமாக்கும் முட்டையும் அடித்துச் சுட்டு, மேலே வறுத்த இறைச்சியின் சாறு ஊற்றிக் காலையிலேயே சாப்பிடுவார்கள். அந்தச் சாறு எந்த இறைச்சியினுடையது என்று அவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனிப்பில் இரண்டு விடாதீர்கள். ஒன்று ஸ்லாட்கோ. முழுப் பழத்தை உருவம் கெடாமல் பாகில் காய்ச்சியது. ஸ்ட்ராபெரி, செர்ரி, பிளம் என்று பல உண்டு, ரோஜா இதழிலும் செய்வார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு தட்டில் ஸ்லாட்கோ, கரண்டிகள், தண்ணீர் தம்ளர்கள் வரும். ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, கரண்டியை அந்தத் தம்ளரிலேயே போட வேண்டும். இன்னொரு கரண்டி எடுக்கக் கூடாது. பிறகுதான் காபி.

இன்னொன்று ஜிட்டோ. கோதுமையை முழுசாக வேகவைத்து, உலர்த்தி அரைத்து, சர்க்கரையும் வால்நட்டும் கலந்து பிசைந்தது. பெல்கிரேடு இனிப்புக் கடைகளில் மேலே க்ரீம் வைத்துக் கிண்ணத்தில் கொடுப்பார்கள். ஆனால் அது பிறந்த இடம் கடை இல்லை. இங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காவல் புனிதர் உண்டு, தகப்பன் வழியாக வருகிறவர். குலதெய்வம் என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும். அவருடைய நாளுக்கு ஸ்லாவா என்று பேர், 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஒரு மெழுகுவர்த்தி, பூவேலை செய்த ரொட்டி, ஒயின், இந்தக் கோதுமை. இவை நாலும் இல்லாமல் ஸ்லாவா கிடையாது.

பாபா வீட்டுப் புனிதர் நிக்கோலாஸ், டிசம்பர் 19. ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கும் வழக்கம் இல்லை, தெரிந்தவர்கள் தாமாகவே வருவார்கள். எனக்கு அது தெரியாமல் முதல் வருஷம் மேலேயே உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்குப் பாபாவே மாடி ஏறி வந்தார், முழங்கால் வலியோடு. "உன் இலை காலியாக இருக்கிறது" என்கிற மாதிரி ஏதோ சொன்னார், எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. அந்த நாள் கிறிஸ்துமஸ் நோன்புக்குள் வருவதால் மேசை முழுக்கப் போஸ்னோ. மீன் ஒரு பக்கம். மற்றபடி ப்ரெப்ரானாட்ஸ், அய்வர், ஊறுகாய், அரிசியும் வால்நட்டும் வைத்துப் புளித்த கோஸ் இலையில் சுருட்டிய சர்மா. வழக்கமாகச் சர்மாவில் கொத்துக்கறிதான், அன்றைக்கு மட்டும் இது. உள்ளே வந்ததும் ஒரு கரண்டி ஜிட்டோ எடுத்துக்கொண்டு சிலுவைக்குறி போட்டார்கள். நான் கையைக் கூப்பிவிட்டு எடுத்துக்கொண்டேன். பாபா தலையசைத்தார். என் அம்மா இறந்து நான் ஊருக்குப் போக முடியாமல் இருந்த வருஷம் அது.

பேரூர்க்காரி:

வந்து சேர்ந்து நான்கு நாள் ஆகிறது. அவல் பொட்டலம் பிரிக்காமலே திரும்பி வந்தது. கச்சாமாக்கை அம்மா மூன்று நாளும் காலையில் சாப்பிட்டார். நிஷ்ஷில் ப்ரெப்ரானாட்ஸ் சாப்பிட்டுவிட்டு, பக்குவம் கேட்டு எழுதச் சொன்னார், எழுதி வைத்திருக்கிறேன். லோகோஷ்னிட்சாவில் ஒரு வீட்டு வாசலில் அம்மா மிளகாய்ச் சரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததைக் கண்டு, அந்த வீட்டுப் பெண் ஒரு சரத்தையே கழற்றிக் கொடுத்துவிட்டார். காசு வாங்கவில்லை. அண்ணா, பாபாவைப் பார்க்க வேண்டும் என்று அம்மா கடைசிவரை சொன்னார், நீங்கள் அந்த வாரம் வேலையாக வெளியூரில் இருந்ததால் முடியவில்லை. அடுத்த தடவை.

ஒரே ஒரு கேள்வி: நான்கு புட்டி அய்வர் கொண்டு வந்தோம், ஒன்றைத் திறந்துவிட்டோம். நம் ஊர் வெக்கையில் எத்தனை நாள் தாங்கும்?

லெஸ்கோவாட்ஸ் திருப்பூரான்:

திறக்காத புட்டிகளை வெயில் படாத அலமாரியில் வையுங்கள். திறந்ததை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். ஈரக் கரண்டி கூடவே கூடாது. ஒவ்வொரு தடவை எடுத்த பிறகும் மேலே மட்டமாக்கி, ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மூடுங்கள். பத்து நாளுக்குள் முடித்துவிடுங்கள், மேலே வெள்ளை படிந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். தோசைக்குத் தொட்டுக்கொண்டு பாருங்கள், பத்து நாள்கூட வராது.

பாபாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு என்று ஒரு புட்டியில் பேர் எழுதச் சொல்லித் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். ஜனவரியில் ஊருக்கு வரும்போது கொண்டு வருகிறேன்.